ஒன்பதாம் நம்பர் பாட்டிலை நான் தொடவில்லை

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. நான் ஏழாம் வகுப்பு, அதுவும் அரைப்பரீட்சை வரைக்கும்தான். விஷயமோ ஆராய்ச்சி. ஒரு வார்த்தை முன்னே பின்னே போனால் அர்த்தமே வேறாகிவிடும் என்று நிஷா சொல்லியிருக்கிறாள். நீங்கள் வேறு கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், மடியில் தடிப் புத்தகம். காலேஜில் வேலையா? இல்லையா? யூனிவர்சிட்டியிலிருந்து சோதனைக்கு வருகிறவர் இல்லையே? தபால் ஆபீசா? அப்பாடா. அப்படியென்றால் சொல்லலாம். நான் வீரபாண்டி தாண்டித்தான் இறங்க வேண்டும், அதற்குள் முடித்துவிடுவேன்.

பையில் என்ன இப்படி மணக்கிறது என்று கேட்டீர்கள். ஆரஞ்சுத் தோல். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் தினமும் எனக்காக எடுத்து வைப்பார்கள். முதல் நாள் அந்தக் கடைக்காரர், "ஏன்க்கா, குளிக்கிறதுக்கா, குழம்புக்கா?" என்று கேட்டார். "ஆராய்ச்சிக்கு" என்றேன். "அப்ப சுளை எல்லாம் வீணாத்தான் ஜூஸாப் போகுதா!" என்றார். நக்கல் பிடித்த ஆள்.

ஆராய்ச்சி என்னுடையது இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் காலேஜில் வேதியியல் லேபைக் கூட்டித் துடைக்கிறவள். குடுவை கழுவுவேன், குழாய் கழுவுவேன், மேஜை துடைப்பேன். பதினொரு வருஷமாகிறது. ஒரு கண்ணாடிச் சாமான் என் கையால் உடைந்ததில்லை. உடைந்ததெல்லாம் பூனையால்.

ஆராய்ச்சி செய்கிறது ரஹ்மத் நிஷா. உத்தமபாளையத்துப் பெண். நல்ல பிள்ளை, சாப்பிடத்தான் மறந்துவிடும். அவளுக்கு மேலே எமரால்டு மேடம். அவர்கள்தான் லேபுக்குப் பெரியவர். மேடம் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டாலே நான் துடைத்த மேஜையை மறுபடி துடைப்பேன்.

நிஷா என்ன செய்கிறாள் என்றால், இந்தத் தோலை வடித்து எண்ணெய் எடுக்கிறாள். நிஷா அதற்குப் பசுமைக் கரைப்பான் என்று பேர் சொல்வாள். பச்சையாக இல்லை, தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. திராட்சைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிறார்களே, அதில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் ஏதோ ஒன்றில்தான் மருந்தைக் கரைக்கிறார்களாம். அது தெளிக்கிறவனுக்கு ஆகாதாம். எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் இருபது வருஷமாக அதைத்தான் தெளிக்கிறார். முழங்கையிலிருந்து விரல்வரை பலாக்காய்த் தோல் மாதிரி ஆகிவிட்டது. தூங்கும்போதுகூடச் சொறிவார். அதற்குப் பதிலாக இந்த ஆரஞ்சு எண்ணெயைப் போடலாம் என்கிறாள் நிஷா.

ஆனால் எண்ணெய் தண்ணீரோடு சேராதே. அதைச் சேர்த்துப் பிடிக்கத்தான் ஒரு பொடி. வாழைத்தண்டு நாரை எடுத்து, வேகவைத்து, வெளுத்து, அரைத்து, என்னென்னவோ பண்ணி, கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்குகிறாள். இங்கிலீஷில் அதற்கு ‘நானோ’ என்று பெயராம். தலைமுடி ஒன்றை நீளவாக்கில் பத்தாயிரமாகக் கிழித்தால் அந்த அளவாம். யார் கிழித்துப் பார்த்தார்களோ. அந்தப் பொடி எண்ணெய்த் துளியைச் சுற்றி வேலி போட்டு நின்றுகொள்ளும். ஒரு துளி இன்னொரு துளியோடு போய்ச் சேர முடியாது. இப்போது உங்களுக்கும் எனக்கும் நடுவில் இந்தப் பை இருக்கிறதே, அந்த மாதிரி. அதனால் எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் மாதிரி நிற்கும். பால்மம் என்று அதற்குப் பெயர். அழகான பெயர், இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆனி மாதக் கடைசியில் நிஷா பதின்மூன்று பாட்டில்களை ஜன்னலோரத்து அலமாரியில் வரிசையாக வைத்தாள். பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நம்பர். ஒன்றில் பொடி துளியூண்டு, இரண்டில் கொஞ்சம் கூட, அப்படியே ஏறிக்கொண்டே போகும். தொண்ணூறு நாள் அப்படியே நிற்க வேண்டும். திங்கள்கிழமை தோறும் ஒன்பதரைக்கு வந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுப்பாள்.

"அக்கா, இந்த அலமாரிப் பக்கமே போகாதீங்க. தொடவே தொடாதீங்க" என்றாள்.

இதைக் கேளுங்கள். அந்தக் காலேஜில் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். "என் மேஜையைத் தொடாதே, குருவம்மா" என்பார்கள். நாலு நாள் கழித்து விரலால் மேஜையைத் தேய்த்து, "இதென்ன தூசி?" என்பார்கள். பதினொரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது, தொடாதே என்றால் தொட்டது தெரியாமல் துடை என்று அர்த்தம். அப்படித்தான் நான் பிழைத்து வருகிறேன். காளீஸ்வரி என்று என்னோடு ஒருத்தி இருந்தாள். சொன்னபடி தராசு அறையைத் தொடாமலே விட்டாள். பார்வையிட வந்தவர்கள் ஒட்டடையைப் பார்த்தார்கள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் முதல் திங்கள்கிழமை காலை எட்டு மணிக்குப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மெதுவாக, இருந்த இடத்திலேயே வைத்து. அப்போதுதான் பார்க்கிறேன், ஒன்றாம் நம்பரில் அடியில் தண்ணீர் தனியாக நிற்கிறது. மேலே ஏடு கட்டின மாதிரி. இரண்டிலும் அப்படியே.

எனக்குப் பகீர் என்றது. போன வருஷம் இந்த மாதிரி ஏதோ பிரிந்துபோய், மேடம் திட்டி, அந்தப் பிள்ளை கழுவுகிற தொட்டி பக்கம் நின்று அழுதாள். நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். இந்தத் தடவையும் ஒன்பதரைக்கு வந்து பார்த்து அழப்போகிறாளே என்று மனசு கேட்கவில்லை. வீட்டில் மோர் தெளிந்து நின்றால் வந்தவர்களுக்கு அப்படியேவா கொடுப்போம்? பிள்ளைகளின் இருமல் மருந்தில் என்ன எழுதியிருக்கிறது? நன்றாகக் குலுக்கவும் என்றுதானே? ஒன்றையும் இரண்டையும் எடுத்து நாலு குலுக்கு. அவ்வளவுதான். பால் மாதிரி ஆகிவிட்டது.

ஒன்பதரைக்கு நிஷா வந்தாள். பார்த்தாள். "அக்கா! ஒண்ணாம் நம்பர்கூட நிக்குதுக்கா!" என்று கையைத் தட்டினாள். அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்சை முழுசாகக் காலி பண்ணினாள். நீங்களே சொல்லுங்கள், இதில் என்ன தப்பு?

அப்புறம் அது வாரா வாரம் ஆகிவிட்டது. பிரிந்ததை மட்டும்தான் குலுக்குவேன். பிரியாததை எதற்குத் தொல்லை பண்ண வேண்டும்? ஆடிப்பெருக்குக்கு அடுத்த திங்கள் நாலாம் நம்பர் பிரிந்தது. சுதந்திர தினம் முடிந்து ஐந்து. பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின திங்கள், என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், நான் லேட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து ஏழைக் குலுக்கினேன். அவசரத்தில் மூடி சரியாக இல்லாமல் சேலையில் இரண்டு சொட்டு. அந்தச் சேலை இன்னும் மணக்கிறது.

மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒரு சிட்டிகை பொடியே போதும் போல இருக்கே, நிஷா!" என்றார்கள். எனக்கும் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

என்னை உறுத்தினது பூஜ்யம் ஒன்றுதான். அது முதல் நாளே பிரிந்து, எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்று வெட்கமில்லாமல் நின்றது. குலுக்கிப் பார்த்தேன். நான் திரும்பி அடுத்த பாட்டிலைத் துடைப்பதற்குள் மறுபடி பிரிந்துவிடும். பத்துத் தடவை குலுக்கினாலும் அதே கதைதான். எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். நிஷாவும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அதில் பொடியே போடவில்லையாம். பிரிவதுதான் அதன் வேலையாம். பொடி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்டத்தான் அது. இதை என்னிடம் யார் சொன்னார்கள்? யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

தொண்ணூறாவது நாள் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெரிய சார் வருகிறார் என்றார்கள். அவர் பார்த்து நல்லபடியாகச் சொன்னால் நிஷா எழுதுகிற ஆராய்ச்சிக்கு அது பெரிய பலமாம். மேடம் மூன்று நாள் முன்னாலிருந்தே, "எல்லாம் பளபளன்னு இருக்கணும், குருவம்மா. ஒரு குறை சொல்லக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்கு ஏழரைக்கே போய்விட்டேன். துடைத்தேன், குலுக்கினேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை பன்னிரண்டும் பால் நிறத்தில் கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி. இந்தப் பக்கம் பூஜ்யம். வரிசையில் முதலாவதாக வேறு நிற்கிறது. வருகிற மனுஷர் முதலில் எதைப் பார்ப்பார்?

தொட்டிக்குக் கீழே ஒரு ஜாடி கிடந்தது. ஒன்பதாம் நம்பருக்குக் கலக்கியதில் மீந்ததை நிஷா அதில் ஊற்றி வைத்து மறந்துவிட்டாள். கொட்டு என்று யாரும் சொல்லாததால் நான் கொட்டவில்லை. திறந்து பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. பூஜ்யத்தில் முக்கால்வாசியைக் கொட்டிவிட்டு, ஜாடியிலிருந்து நிரப்பி வைத்தேன். இப்போதுதான் வரிசை முழுசானது.

பதினோரு மணிக்குக் கோயம்புத்தூர் சார் வந்தார். மேடம் ஒரு பக்கம், நிஷா ஒரு பக்கம். நான் வாசல் ஓரம் மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் அலமாரியைப் பார்த்தார், குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஏனுங்க மேடம், பூஜ்யத்துல பொடி இல்லைன்னு சொன்னீங்க?"

"இல்லைதான் சார்."

"அப்புறம் இது ஏன் பால் மாதிரி நிக்குது?"

நிஷா முகத்தில் ரத்தமே இல்லை. சார் என்ன செய்தார் தெரியுமா? பூஜ்யத்தை எடுத்து நாலு குலுக்குக் குலுக்கினார். அவர் குலுக்கலாம், அதை யாரும் தப்பு என்று சொல்லவில்லை. பத்து நிமிஷம் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டுகூடப் பிரியவில்லை.

"இதுல பொடி இருக்குதுங்க" என்றார். "சரி, ஒண்ணுலயும் பதினொண்ணுலயும் பொடி ஒரே அளவில்லை. ஆனா ரெண்டும் அச்சா ஒரே மாதிரி நிக்குது. அது எப்படிங்க?"

மேடம் மெதுவாகக் கேட்டார்கள். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. "நிஷா, போட்டோ நல்லா வரணும்னு நீ ஏதாவது பண்ணினியா? பண்ணியிருந்தா இப்பவே சொல்லிடு."

"சத்தியமா இல்ல மேடம்."

"அப்புறம் பாட்டில் தானாவா நிரம்பும்? இதை நான் கமிட்டிக்கு எழுதணும். ரெண்டு வருஷ வேலை. தெரியும்ல?"

அந்தப் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் காளீஸ்வரி ஞாபகம் வந்தாள். வீட்டுக்காரரின் கை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, யாரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்போதுதான் நிஷா என்னைப் பார்த்தாள். சந்தேகத்தோடு இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற மாதிரி, சும்மா பார்த்தாள்.

"மேடம், அது பார்க்க அசிங்கமா இருந்துச்சுன்னு நான்தான் மேடம் நிரப்பினேன்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எதை?"

"பூஜ்யத்தை. இதோ, இந்த ஜாடியில ஒன்பதோட மிச்சம் இருந்துச்சு, அதை ஊத்தி. மத்ததெல்லாம் குலுக்கினது மட்டும்தான் மேடம். வேற ஒண்ணும் கலக்கலை."

"மத்ததெல்லாமா? குருவம்மா, என்ன சொல்றே நீ? எப்போ குலுக்கினே?"

"திங்கக்கிழமை திங்கக்கிழமை. நிஷா வர்றதுக்கு முன்னாடி."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஆண்டவரே" என்றார்கள். நிஷாவுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. "ஏன்க்கா? ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ அழக்கூடாதுன்னுதான்" என்றேன். அதைச் சொல்லிவிட்டு நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மாப்பு வேறு கையில். மூக்கைத் துடைக்க முடியவில்லை.

கோயம்புத்தூர் சார்தான் நிதானமாக இருந்தார். "இருங்க அம்மணி, அழுகாதீங்க. எல்லாப் பாட்டிலையுமா குலுக்குனீங்க?"

"பிரிஞ்சதை மட்டும்தான் சார்."

"எது எப்பப் பிரிஞ்சதுன்னு நெனப்பிருக்குதுங்களா?"

இது ஒரு கேள்வியா? நான்தானே பன்னிரண்டு வாரம் அதுகளோடு மல்லுக்கட்டினேன். வரிசையாகச் சொன்னேன். ஒன்றும் இரண்டும் முதல் திங்கள். மூன்று அதற்கு அடுத்தது. நாலு ஆடிப்பெருக்குக்கு அப்புறம். ஐந்து, கொடியேற்றி மிட்டாய் கொடுத்த வாரம். ஆறு அதற்கு அப்புறம். ஏழு, காய்ச்சல் வாரம், வேண்டுமானால் சேலையைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். எட்டு போன திங்கள். பத்தும் பதினொன்றும் பிரியவில்லை. பன்னிரண்டும் பிரியவில்லை, ஆனால் கூழ் மாதிரி கட்டிக்கொண்டது, அதைக் குலுக்கினாலும் அசையாது. நிஷா நோட்டை எடுத்து மளமளவென்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"ஒன்பது?" என்றார் சார்.

"ஒன்பதை நான் தொட்டதே இல்லை சார். துடைக்கிறதோட சரி. அது நல்ல பிள்ளை. ஒருநாளும் பிரியலை."

"இந்த ஜாடியை?"

"ஜாடியா? அது தொட்டிக்குக் கீழ கெடந்துச்சு. யார் பார்க்கப் போறாங்க? அதை எதுக்குக் குலுக்கணும்?"

சார் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், மேடம்கூடச் சிரித்துவிட்டார்கள். "மேடம், தொண்ணூறு நாள் யாருமே தொடாத ஜாடிங்க இது. பிரியாம நிக்கறதுல குறைஞ்ச பொடி இதுலதான், ஒன்பதுதான் சரியான அளவு. பொண்ணு ஜெயிச்சிருச்சு" என்றார்.

நிஷா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பார்த்தீர்களா? நான் குலுக்காமல் இருந்திருந்தால், ஜாடியைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்?

ஆனால் இப்படிச் சொன்னதையெல்லாம் எழுத முடியாதாம். "ஆடிப்பெருக்குக்கு அடுத்த திங்கள்னு குருவம்மா சொன்னாங்கன்னு எழுதினா, எந்த ஊர்லயும் ஒத்துக்க மாட்டாங்க" என்றார்கள் மேடம். அதனால் முதலிலிருந்து மறுபடி தொண்ணூறு நாள். பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டு வரை எல்லாம் புதுசாக.

அப்புறம் மேடம் என் பக்கம் திரும்பினார்கள். "குருவம்மா, நாளையிலேருந்து நீ..." என்று இழுத்தார்கள். நான் மாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். "...ஒன்பதரைக்கு முன்னாடி லேபுக்குள்ள கால் வைக்கக்கூடாது. அலமாரியில ஒட்டடை தொங்கினாலும் சரி. நான் கேட்க மாட்டேன்." அவ்வளவுதான். வேலை போகவில்லை. நான் இல்லாமல் லேப் நடக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆராய்ச்சிப் புத்தகத்தில் நன்றி சொல்கிற பக்கம் ஒன்று இருக்குமாம். அதில் என் பெயரைப் போடப் போகிறாள் நிஷா. "ஒன்பதைத் தொடாமல் இருந்த குருவம்மாள் அக்காவுக்கு" என்று போடட்டுமா என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள்.

இப்போது இரண்டாவது தொண்ணூறில் முப்பத்தி நாலாவது நாள். அதனால்தான் இந்த பஸ்சில் வருகிறேன். முன்னெல்லாம் ஏழு மணி பஸ். அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறாள். சாவியை என்னிடம் கொடுக்காதே என்று நானே சொல்லிவிட்டேன். ஆனால் கண்ணாடி வழியாகத் தெரிகிறதே! நேற்றுப் பார்க்கிறேன், நாலு பிரிந்து நிற்கிறது. ஐந்து எப்போது வேண்டுமானாலும் பிரியும். அடியில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தால் என் கை என் பேச்சைக் கேட்காது. முதல் வாரம் வீட்டுக்குப் போய் நல்லெண்ணெய், தேன், சாம்பார்பொடி டப்பா எல்லாவற்றையும் குலுக்கினேன். வீட்டுக்காரர், "என்னடி, பேய் பிடிச்சிருக்கா?" என்றார்.

இன்னொரு தடவை தப்பு நடந்தால் எனக்கு வேலை இல்லை, அந்தப் பிள்ளைக்கு ஆராய்ச்சி இல்லை, இந்த மனுஷனுக்குக் கையில் சொறி நிற்கப்போவதும் இல்லை. அதையெல்லாம் யோசித்துத்தான் போன வாரம் ஒரு காரியம் செய்தேன். நிஷாவிடம் போய், "எனக்குன்னு ஒண்ணு கொடு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

என் நிறுத்தம் வந்துவிட்டது. கொஞ்சம் இந்தப் பையைப் பிடியுங்கள், தோலுக்கு அடியில் இருக்கிறது. இதோ. பயப்படாதீர்கள், பூஜ்யம்தான். ஆரஞ்சு எண்ணெயும் தண்ணீரும், பொடி கிடையாது. மேலே என் பேர் எழுதி ஒட்டியிருக்கிறாள். கை துறுதுறுத்தால் இதை எடுத்து நாலு குலுக்கு. பால் மாதிரி ஆகும். லேபுக்குள் போவதற்குள் பிரிந்துவிடும். மறுபடி குலுக்கலாம். நாள் பூராவும் குலுக்கலாம், தீரவே தீராது.

நீங்கள் வேண்டுமானால் ஒரு தடவை குலுக்கிப் பாருங்கள். சீக்கிரம், கண்டக்டர் விசில் அடிக்கிறார்.